பெரிய பலூனில் ஒற்றை வார்த்தை

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. பெரும்பாலும் பிற்பகல் ஷிப்டு. காலை வேளைகளில் தண்டையார்பேட்டையில் ஓர் அச்சகத்துக்குப் படக்கதைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வெளிநாட்டுப் பக்கங்கள் வரும். பாத்திரங்களின் வாயருகே பேச்சு எழுதியிருக்கும் வட்டத்தைப் பலூன் என்போம். அதிலிருக்கும் ஆங்கிலத்தின் மேல் வெள்ளை பூசி, காய்ந்ததும் மையால் தமிழை எழுத வேண்டும். மொழிபெயர்ப்பு என்னுடையது, எழுத்து என் மனைவியுடையது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு எழுத்து. என் கையெழுத்தோ எனக்கே விளங்காது.

தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் வசனங்களை வெட்டுவேன். அவள் ஏனென்று கேட்டால் "எடம் இல்ல" என்பேன். அவளும் நம்பினாள்.

அந்த வருடம் ஒரு கதை வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் பறக்கும் சக்தி. இரண்டு குழந்தைகள். ஊரைக் காப்பாற்றிவிட்டு வந்து தொட்டிலாட்டும் குடும்பம். அதே வாரம்தான் எண்ணூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு ஆள் வந்து சொன்னது: டீச்சர் வேலை காலி, திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது.

"மதியானம் வரைக்கும் நீங்க வூட்லதான் கீறீங்க. அப்பால பக்கத்து வூட்டக்கா பாத்துக்கறேன்னு சொல்லிச்சி" என்றாள். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"பாக்கலாம்" என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பக்கங்களைப் பிரித்து உட்கார்ந்தோம். கடலில் கப்பல் மூழ்குகிறது. கணவன் தோளில் குழந்தையுடன் நிற்கிறான். மனைவி ஜன்னல் வழியே கிளம்புகிறாள். அவள் பலூன் பெரியது, அவனுடையது சின்னது. என் மனைவி வெள்ளை பூசுமுன் ஆங்கிலத்தை மெதுவாகக் கூட்டிப் படித்து, தமிழில் சொன்னாள். "இன்றைக்கு நீங்கள் குழந்தைகளோடு இருங்கள். நான் போய் வருகிறேன்." அவன் பதில்: "பத்திரம்."

அவள் சிரித்தாள். "பாத்தீங்களா, இந்தாளு எவ்ளோ நல்லா வூட்ல குந்திகினு கீறாரு."

அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. எனக்குத்தான் குத்தியது. குழந்தையைக் காரணம் சொல்லிக்கொண்டேனே தவிர, என் பயம் வேறு. "இன்னா மாமு, பொண்டாட்டி வேலைக்கு, நீ புள்ளைக்கு பால் காச்சவா?" என்று ஷிப்டில் கேட்பார்களே என்ற பயம். யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

கணவனின் சின்ன பலூனுக்கு எழுதிக் கொடுத்தேன்: "இம்முறை மட்டும் அனுமதிக்கிறேன். சீக்கிரம் வீடு திரும்பு." மனைவியின் பலூனுக்கு: "சரிங்க."

அவள் தாளைப் பார்த்தாள். "அய்ய, இன்னாங்க இது. சின்ன பலூன்ல அவரு பிரசங்கம் பண்றாரு. இம்மாம் பெரிய பலூன்ல அந்தம்மாக்கு ஒத்த வார்த்தையா? எடம் சும்மா கெடக்குதே."

"நம்ம ஊர் பசங்க படிக்கறது இது. இதான் நல்லாருக்கும்."

பேனாவை மையில் தொட்டு எழுதினாள். வெள்ளை வட்டத்தின் நடுவில், சிறிதாக, அழகாக.

மறுநாள் அச்சகக்காரர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா சார், பலூன் காலியா கீது? படிக்கிற பையன் மை தீந்து பூட்ச்சின்னு நெனப்பான். ரொப்பிக் குடு."

வீட்டுக்கு வந்து, "உங்கள் உத்தரவுப்படியே. வேலை முடிந்ததும் வந்து சமைக்கிறேன்" என்று சேர்க்கச் சொன்னேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்த நீங்களே எழுதுங்க."

எழுதினேன். அப்படியே நிமிராமல், "எண்ணூரு வேலை வேணாம். பாப்பா சின்னது" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

புத்தகம் வந்த வாரம், தெருமுனையில் பையன்கள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். "டேய், இந்தம்மா மட்டும் இன்னாடா கோயி காலால கிறுக்குன மாரி பேசுது?" ஒரே சிரிப்பு. அவள் கையில் தண்ணீர்க் குடத்துடன் என் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவள் பேனாவைத் தொடவில்லை. கண் வலி என்று அச்சகத்தில் சொல்லிவைத்தேன். கொஞ்ச நாளில் நானும் அந்த வேலையை விட்டேன். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஒருமுறை உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு எண்ணூர் பஸ்ஸில் போனோம். அந்தப் பள்ளிக்கூடம் வந்தபோது அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வரும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. எனக்கு அப்போதாவது ஏதேனும் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறந்து சில வருடங்களாகின்றன. மகள் வேலைக்குப் போகிறாள். காலையில் கிளம்பும்போது தன் பிள்ளையை என்னிடம்தான் விட்டுப் போகிறாள். பால் நன்றாகவே காய்ச்சுகிறேன். யாரும் கேலி செய்யவில்லை.

அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. போன மாதம் கடையில் ஒரு வெள்ளைச் சாயப் புட்டி வாங்கிவந்து, அந்தப் பெரிய பலூனில் இருந்த என் கிறுக்கலின் மேல் பூசினேன். காய்ந்ததும், அவள் அன்று படித்துக் காட்டியதை எழுதினேன்: "இன்றைக்கு நீங்கள் குழந்தைகளோடு இருங்கள். நான் போய் வருகிறேன்." முன்பைவிட மோசமான எழுத்து. முழு வாக்கியமும் எழுதி முடித்த பிறகும், சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.