ஒன்றுகூடக் குறையாத பீரோ

புதுவயல் பள்ளி நூலகர் பூமிநாதன், யாராவது வணக்கம் சொன்னாலே எதற்கென்று யோசிக்கிற ஆள். 1972-இல், புதிய பாடத்திட்டத்தை நூலகர்களுக்கு விளக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து பவுலின் என்ற அதிகாரி அம்மாள் வருகிறார் என்றதும் அவர் நம்பவில்லை. விளக்கவாவது! புத்தக இருப்பைச் சோதிக்கத்தான் வருகிறார். ஒன்று குறைந்தாலும் வேலைக்கே உலை வைத்துவிடுவார். முந்தின நாளே, ரைஸ்மில்லை ஒட்டியிருந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், இரவல் போன புத்தகங்களையெல்லாம் பிடுங்கிவந்து பீரோவில் அடுக்கினார்.

வந்த அம்மாளுக்குப் பீரோவைத் திறந்து காட்டினார். “ஒண்ணுகூடக் குறையலை, அம்மா.”

“அதான் குறையே! இனிமே பிள்ளைக தானாத் தேடிப் படிச்சு விடை சொல்லணும். இங்க எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தொடுறதே இல்லையா?”

இது அடுத்த பொறி என்று நினைத்துப் பூமிநாதன் பீரோவைச் சாத்தப் போனார். அதற்குள் அம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். உள்ளிருந்து ரைஸ்மில் தவிடு அவர் சேலையில் உதிர்ந்தது.

“தவிடு தானா நடந்து வந்து படிச்சிச்சாக்கும்?” அம்மாள் சிரித்துவிட்டார். “நல்லாத்தானே படிக்குதுக, எதுக்கு மறைக்கிறீக? எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க.”

“தொலைஞ்சா?”

“படிக்கிற இடத்துல ரெண்டு தொலையத்தான் செய்யும்.”

பூமிநாதன் புத்தகத்தை வாங்கினார். வெளியே வைக்கப் போன கை பாதியில் நின்றது.

“இப்பச் சொன்னீகளே, அதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போறீகளா?”