கீரைக்கு வைத்த கெடு

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் ‘ஆவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில் இருபத்தாறு வருடமாக வேலை; அது ஒரு காரணம். எந்தக் கதவையும் கையால் தொடாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டு, ஓசைப்படாமல் வந்து பின்னால் நிற்பார். அது இன்னொரு காரணம். கத்தரி, இடுக்கி, பஞ்சு, துணி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, மேலே ஒரு நாடா ஒட்டி, இயந்திரத்துக்குள் தள்ளுவார். வெந்து வரும்போது நாடாவிலுள்ள கோடு கறுத்திருந்தால் சுத்தம். கறுக்கவில்லையென்றால் மறுபடி உள்ளே. வேகாத பொட்டலத்தை வெந்ததென்று அவர் பதிவேட்டில் ஒருநாளும் எழுதியதில்லை. மற்றப் பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் இப்படியொரு கோடு இல்லையே என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

வயது ஐம்பத்தொன்று. கழுவிக் கழுவி விரல்நுனிகள் ஊறவைத்த பயறுபோல் வெளுத்திருக்கும். விருந்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பார். யாராவது கைகுலுக்க வந்தால் சளி பிடித்திருக்கிறது என்பார். அவருக்கு வாய்த்த மனைவியோ, கீழே விழுந்த பிஸ்கட்டை ஒரு ஊது ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்கிறவள். ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சோப்பு விஷயத்தில், செருப்பு விஷயத்தில், தலையணை உறை விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இருபத்துமூன்று வருடமாக ராத்திரிச் சாப்பாடு மட்டும் ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான். பகலெல்லாம் முறைத்துக்கொண்டாலும் அந்த ஒரு வேளை தவறியதில்லை.

அதற்குள் கீரை வந்து புகுந்தது. ஒருநாள் காலை பேருந்துக்காக நின்றபோது, நடைபாதையில் கீரை விற்கும் பெண் ஒரு வாளித் தண்ணீரில் சேற்றுக்காலைக் கழுவுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அவள் அதே தண்ணீரை அள்ளிக் கீரைக்கட்டுகளின்மேல் தெளித்தாள். வாடிக் கிடந்த கட்டுகள் பளபளவென்று நிமிர்ந்தன. அந்தப் பளபளப்பை நம்பித்தான் இத்தனை வருடமும் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபடி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் கீரை நுழையவில்லை.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்குக் கீரை வேணும். நானே வாங்கி, எனக்குன்னு ஒரு அடுப்பு வெச்சுச் சமைச்சுக்கிறேன். நீங்க உங்க அடுப்புல எதை வேணா வேகவெச்சுக்கோங்க.”

“தனி அடுப்பா?”

“தனி அடுப்பு, தனித் தட்டு, தனி நேரம். எதிர்ல உட்கார்ந்து நீங்க மூஞ்சியைச் சுளிக்கிறதைப் பார்த்துக்கிட்டு என்னால முழுங்க முடியாது.”

ஆவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே தாம் மட்டும் உட்கார்ந்து மெல்வது கண்ணில் வந்து போனது. “அஞ்சு மாசம் டைம் குடு. சுத்தமான கீரை நானே வளர்த்துத் தர்றேன்.” ஏன் ஐந்து என்று அவருக்கே தெரியாது, பயத்தில் வாயில் வந்த எண் அது.

“நீங்க? மண்ணுல?” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சரி, அஞ்சு மாசம். வர்ற கீரையை நானும் சாப்பிடணும், நீங்களும் சாப்பிடணும், இதே மேஜையில. ரெண்டுல ஒருத்தர் சாப்பிடலைன்னாலும் தனித்தனிதான்.”

நாலு வளர்ப்புப் பைகள், செம்மண், தண்டுக்கீரை விதை எல்லாம் வாங்கிவந்து பால்கனியில் வைத்தார். பையின் அடியில் ஓட்டைகள் இருந்தன. அதன் வழியாக அழுக்குத்தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் வழியும் என்று தோன்ற, நான்கையும் பிளாஸ்டிக் நாடாவால் அடைத்தார். பதினைந்து நாளில் முளைகள் சாய்ந்தன. பையைக் கவிழ்த்தபோது சாக்கடையைக் கிளறியதுபோல் ஒரு நாற்றம். வேரெல்லாம் கொழகொழவென்று கையில் வந்தது. அன்று மூன்று முறை குளித்தார். நாற்றம் மூக்கிலா மனத்திலா என்று தெரியாததால் நாலாவது முறையும் குளித்தார்.

இரண்டாவது மாதம் ஓட்டைகளைத் திறந்துவிட்டார். ஆனால் குற்றம் மண்மேல் என்று முடிவு கட்டி, வீட்டுக் குக்கரில் தட்டுத் தட்டாக வைத்து மண்ணை வேகவைத்தார். மழையில் நனைந்த சாக்கைத் தீயில் வாட்டியதுபோல் வீடெல்லாம் வாடை. மனைவி பக்கத்துக் கடையில் புதுக் குக்கர் வாங்கிவந்தாள். விதைகள் முளைத்தன. மூன்று இலை விட்டன. பிறகு வெளிறி அப்படியே நின்றுவிட்டன.

செடிகள் விற்கும் நாற்றுக்கடைக்காரம்மாவிடம் ஒரு நாற்றைக் கொண்டுபோய்க் காட்டினார்.

“மண்ணை என்ன சார் பண்ணீங்க?”

“ஒரு மணி நேரம் வேகவெச்சேன்.”

“உப்பு போட்டீங்களா?”

அந்த அம்மா சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். “இதுக்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல சார். உரம் போடுங்க. இந்தாங்க, மூட்டை இருக்கு.”

“இதுல என்னென்ன இருக்கு?”

“எல்லாம் இருக்கு.”

எல்லாம் என்ற சொல்லைப்போல் அவரைக் கலங்கடிப்பது வேறெதுவும் இல்லை. அடுத்தவர் அசிங்கத்தை வாங்குவதைவிடத் தம் வீட்டு அசிங்கமே மேல் என்று, ஓட்டை போட்ட பெரிய வாளி ஒன்றை வாங்கிவந்து, அந்த அம்மா சொன்னபடி காய்கறித் தோலும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போட்டு மக்கவைத்தார். சருகு குறைந்த அன்று வாளி நாறியது. ஈரம் கூடிய அன்று கருப்பாக ஒரு கசிவு வந்தது. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கையுறை, இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாய்க்குள் உமட்டலை அடக்கியபடி தினமும் கிளறினார். அருவருப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த வாளியில் எது எப்போது எப்படி அழுகியது என்று அவரளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

தெரிந்ததைச் சும்மா வைத்திருக்கவும் அவரால் முடியவில்லை. இயந்திரத்தில் போன ஒவ்வொரு பொட்டலத்தையும் பதிவேட்டில் எழுதிப் பழகியவர். இங்கே பதிவேடு இல்லை. மனைவி இருந்தாள், சாப்பாட்டு வேளையில் எதிரிலேயே.

“இன்னைக்குப் புழு நிறைய. வெள்ளையா, அரிசி மாதிரி.”

“அரிசியோட சேர்த்துப் பேசாதீங்க.”

“அரிசியைவிடக் கொஞ்சம் பருமன்.”

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். பிறகு சாப்பிட்டாள். அடுத்த நாள் பூஞ்சை: சாம்பல் நிறம், பூனைமுடிபோல. அதற்கடுத்த நாள் கசிவு: பாகுபோல இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் இப்படி நடந்தது. அவர் தம் கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்வதாக நினைத்தார்.

வாளியிலிருந்தது கறுத்து, உதிரியாகி, மண்ணின் மணத்தோடு வந்தபோது அதைப் பைகளில் கலந்து விதைத்தார். இந்த முறை கீரை வளர்ந்த வேகத்தைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது. நெருக்கமாய் முளைத்ததைப் பாதி பிடுங்கி எறியச் சொன்னாள் நாற்றுக்கடைக்காரம்மா; எறிந்தார். இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சிகள் பச்சைப் புள்ளிகளாக அப்பிக்கிடந்தன. விரலால் துடைத்தால் நசுங்கிப் பிசுபிசுத்தது. சோப்புத்தண்ணீர் தெளியுங்கள் என்றாள் அந்த அம்மா. ஐந்து மாதத்தில் அவர் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். உற்சாகத்தில் அளவைக் கூட்டி ஒரு பை கீரையைக் கருக்கிவிட்டார். மூன்று பை மிஞ்சியது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அறுத்தார். ஏழு தண்ணீரில் கழுவினார். மனைவி சமைத்தாள். அத்தனை கீரையும் சுண்டி ஒரு கிண்ணத்தில் அடங்கிவிட்டது. இருவரும் உட்கார்ந்தார்கள்.

ஆவி முதலில் எடுத்தார். எந்தப் பையின் எந்த மூலை என்பதுவரை நாக்குக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினார். இன்னொரு வாயும் விழுங்கினார். பெருமையாக நிமிர்ந்து பார்த்தால், எதிரே மனைவி எடுத்த கவளம் தட்டுக்கு மேல் அப்படியே நின்றது.

“என்ன?”

“முடியலைங்க.” கவளத்தைத் தட்டில் வைத்தாள். “நீங்க சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணா வருது. அந்த அரிசி. அந்தப் பூனைமுடி.”

“ஏழு தடவை கழுவியிருக்கு.”

“கையால தொட முடியுது. வாய்க்குக் கொண்டுபோக முடியல.”

தரையில் விழுந்ததைத் தின்னும் மனுஷி. அவளைத் தாமே இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டோம் என்பது ஆவிக்கு மெல்ல மெல்ல உறைத்தது. பந்தயத்தில் தம் பங்கை முடித்தாகிவிட்டது, தோற்கப்போவது அவள். ஆனால் நாளைக்கு நாற்காலி காலியாக இருக்குமே, அதற்கு யார் தோற்றாலென்ன.

“ஏங்க,” என்றாள் அவள். “நீங்க சொன்னதெல்லாம் பொய்னு சொல்லுங்களேன்.”

“நான் ஏன் பொய் சொல்றேன்?”

“ஒரு தடவை சொல்லுங்க. எனக்காக.”

ஆவி சுவரைப் பார்த்தார். காது சிவந்தது. தண்ணீர் குடித்தார்.

“வாளியில ஒண்ணும் வரல,” என்றார் கடைசியில். “வெறும் சருகு. உரம் கடையில வாங்கினதுதான்.”

“எந்தக் கடை?”

“பெரிய கடை. ஏசி இருக்கும்.”

“புழு?”

“சும்மா உன்னைப் பயமுறுத்தச் சொன்னது. உரம் வெள்ளைப் பையில வந்துச்சு. வாசனையே இல்ல.”

“பை ஒட்டியிருந்துதா?”

“ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்துச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு கவளத்தை வாயில் போட்டாள். முகம் கோணியது. மென்றாள். வெகு நேரம் மென்றாள்.

“இன்னும் சொல்லுங்க,” என்றாள், வாய் நிறைய.

“பை மேல தேதி போட்டிருந்தான்,” என்றார் ஆவி, தம் தட்டிலிருந்த கீரையைப் பார்க்காமல் எடுத்தபடி.