கம்பி கட்டிய வாய்க்கு ஓட்ஸ் மாவு

தொப்பூர் கணவாயில் மாங்காய் லாரி கவிழ்ந்ததில் டிரைவர் சர்தாருக்குக் கை கால் தப்பியது, தாடை உடைந்தது. சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்கவே கூடாது. கடைவாயில் ஒரு பல் விழுந்த சந்து இருந்தது. அதில் ரப்பர் குழாயை வைத்து எதையாவது நீர்க்கக் கொடுக்க வேண்டும். இனி அதுதான் அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. எண்பத்து நாலாம் வருடம், மே மாத நடு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவர் மனைவி ஹாஜிராவின் கையில் ஒரு சின்ன கட்டிங் பிளேயரைக் கொடுத்தார்.

"வாந்தி வந்தா வெளிய போக வழி இல்லம்மா. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அப்ப மட்டும் நேரா நிக்கிற கம்பிகளை வெட்டிடுங்க. பல்லைச் சுத்தி இருக்கிறதைத் தொடாதீங்க. இது எப்பவும் தலைமாட்டுல இருக்கணும்." பிறகு சொன்னார்: "பால்ல ஓட்ஸ் காய்ச்சிக் கொடுங்க. உடம்பு இளைச்சா எலும்பு கூடாது."

ஓட்ஸ் என்ற பேரையே ஹாஜிரா அன்றுதான் கேட்டாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் டின்னில் அடைத்து வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டு வெளியே வந்தவள், கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் போய் வாங்கினாள். வீட்டில் திறந்து பார்த்தால் அவல் மாதிரி தட்டையாக இருந்தது. பாலில் காய்ச்சினாள். கொழகொழவென்று வந்தது. குழாயில் பாதி அடைத்துக்கொண்டது. உள்ளே போன மீதியும் கம்பி இடுக்கில் பசையாக ஒட்டிக்கொண்டது. சர்தார் தலையை அசைத்துக் குழாயைத் தள்ளிவிட்டார். ஹாஜிரா பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கம்பி கம்பியாகத் துடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாதம்மாள்தான் வழி சொன்னாள். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள்.

"வறுத்து மாவா அரைச்சுப்புடு கண்ணு. எங்கூட்டு எந்திரக்கல்லு சும்மாத்தான் கெடக்குது."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கல்லைச் சுற்றினார்கள். அரைத்ததை ஹாஜிரா தன் பழைய துப்பட்டாவில் சலித்தாள். டின் சீக்கிரம் காலியாகிவிடும் என்று பயந்து முளைகட்டிய ராகியையும் பொட்டுக்கடலையையும் வறுத்து அதோடு சேர்த்தாள். பாலில் கரைத்து, வெல்லம் போட்டு, ஆற்றி, மறுபடி வடிகட்டினாள். இந்த முறை குழாயில் இறங்கியது. சர்தார் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். டம்ளர் காலியானதும் கண்ணைத் திறந்து இன்னும் வேண்டும் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் அதற்குப்பின் வீட்டில் நிலைத்தது. மலை மாதிரி களி உருண்டையை வைத்து, மேலே கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்ட மனிதர். எத்தனை டம்ளர் குடித்தாலும் ஒரு முறை சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் வயிறு ஒட்டிக்கொண்டது. இடுப்பில் லுங்கி நிற்கவில்லை. கழுத்தெலும்புக் குழியில் வேர்வை தேங்கியது.

ரமலான் பிறந்தது. ஹாஜிரா நோன்பு வைத்தாள். ஊரே அந்தியில் பசியாறியது. அவர் ஒருவருக்குத்தான் பசி தீரவில்லை. ஒருநாள் பள்ளிவாசலில் இருந்து நோன்புக் கஞ்சி வந்தது. கறி போட்ட கஞ்சி. வடிகட்டிக் கொடுக்கலாம் என்று துணியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். சர்தார் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விரலால் விலக்கி, பிளேயரைக் கம்பியில் வைத்திருந்தார்.

பாய்ந்து கையைப் பிடித்தாள். அவர் உதறினார். பிறகு உதறவும் பலமில்லாமல் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"பசிக்குது ஹாஜிரா," என்றார், கட்டிய பல்லுக்குள்ளிருந்து. "ஒரு வாய். ஒரே ஒரு வாய் மென்னுட்டுத் திரும்பக் கட்டிக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நாளுதாங்க. பொறுத்துக்கோங்க."

அவர் அசந்த நேரம் பார்த்து, பிளேயரை ராகி டிரம்முக்குள் அடியில் புதைத்து வைத்தாள்.

ஓட்ஸ் தீர்ந்தது. பொட்டுக்கடலையும் தீர்ந்தது. இன்னொரு டின்னுக்கு வழியில்லை. கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் கேட்டாகிவிட்டது. கொள்ளு சாப்பிட்டால் குதிரைப் பலம் என்பார்களே என்று நினைத்து, மாதம்மாள் எருமைக்கு வைத்திருந்த கொள்ளில் ஒரு படி வாங்கி வந்தாள். விறகு ஈரம். அவர் பசியில் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவசர அவசரமாக வறுத்து அரைத்துக் கரைத்தாள். நோன்பு என்பதால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

சர்தார் ஒரே மூச்சில் குடித்தார். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் பிதுங்கியது. மூக்கு வழியாக மாவுத் தண்ணீர் வந்தது. பல்லிடுக்கில் நுரைத்தது, ஆனால் வெளியே வரவில்லை. தொண்டையில் ஒரு களகளப்பு.

ஹாஜிராவின் கை தலைமாட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

டிரம்மைச் சாய்த்தாள். ராகி வீடு முழுக்கச் சிந்தியது. இரண்டு கையாலும் தோண்டினாள். கிடைத்ததும் அவர் தலையை முன்னால் குனிய வைத்து, உதட்டைக் கிழிக்கிற மாதிரி விலக்கி, நேராக நின்ற கம்பியை வெட்டினாள். வழுக்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்ததை வெட்டினாள். அவர் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. கடைசிக் கம்பி அறுந்ததும் வாய் தொங்கித் திறந்தது. எல்லாம் அவள் மடியில் கொட்டியது. அவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டு மாதம்மாள் ஓடி வந்தாள். ஹாஜிரா அவர் தலையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கூடிக்கிட்டு வந்த எலும்பு விலகிப்போச்சும்மா. மறுபடி மொதல்ல இருந்து கட்டணும். ஆனா நீங்க வெட்டாம இருந்தா இவரே இருந்திருக்க மாட்டார்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஹாஜிரா புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அது எருமைக்கு வெச்சிருந்த கொள்ளுங்க. சரியா வறுபடல. பிளேயரையும் நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

சர்தார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கணவாய் வளைவுகள் கடந்து போயின. புதுக்கம்பிக்குள்ளிருந்து சொன்னார்.

"ருசி நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அழுதாள். இத்தனை நாளில் அன்றுதான் அழுதாள்.

பெருநாளும் குழாயோடுதான் போனது. பிரியாணி வாசனை தெருவில் நிறைந்தபோது ஹாஜிரா கதவைச் சாத்திவிட்டு ராகி மாவைக் கரைத்தாள். தன் கம்மலை விற்று இன்னொரு டின் வாங்கியிருந்தாள். அதைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தாள். நிதானமாக வறுத்தாள். நோன்பு முடிந்துவிட்டதால் ஒவ்வொரு முறையும் தானே முதல் மடக்கு குடித்துப் பார்த்தாள். பிளேயரைக் கயிற்றில் கட்டி அவர் தலைக்கு மேல் தொங்கவிட்டாள். அவர் அதைத் தொடவில்லை.

ஆகஸ்டில் கம்பியை எடுத்தார்கள். தாடை ஒரு பக்கம் கோணிக் கூடியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. லாரி முதலாளி வேறு டிரைவரை வைத்துவிட்டார். சர்தாரின் எடை பாதியாகியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையாக அவர் கை இல்லை.

அன்று மத்தியானம் ஹாஜிரா களி கிண்டினாள். களிக்குப் பல் வேண்டாம். கோலிக்குண்டு அளவுக்குக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அந்தச் சந்தில் வைத்தாள். சர்தார் விழுங்கினார். புரையேறிவிடுமோ என்று இரண்டு பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். உள்ளே இறங்கியது. அவர் மறுபடி உதட்டைத் திறந்தார். தட்டு காலியாவதற்குள் குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது.