நெஞ்சுச் சளியும் என் வேலைதான்

திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். வாட்டுகளில் என்னை 'எக்சசைஸ் மிஸ்' என்பார்கள். கை கால் பிடித்து நடக்கவைப்பவள், அவ்வளவுதான். நுரையீரலுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டென்று சொன்னால், என்னோடு வேலைசெய்பவர்களே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வருடம் குச்சவெளியிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் இருமவே இல்லை. மேல்மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். அடியில் சளி கரகரத்தது. அப்படியே விட்டால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். அவரை நிமிர்த்தி இருத்தி, ஒரு தலையணையைத் தையலோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"ஆழமா மூச்செடுங்கோ அக்கா. இப்ப இருமுங்கோ."

"ஏலாது மிஸ், பிஞ்சிரும்."

"பிய்யாது. நானும் சேத்துப் பிடிக்கிறன்."

இருமினார். வலியில் அழுதார். அந்த நேரம் பார்த்து அவருடைய கணவர் உள்ளே வந்தார்.

"வயித்த வெட்டிக் கிடக்கிற மனுசியப் போட்டு என்ன செய்யிறீங்கள்? நீங்கள் கால் கைக்குத்தானே?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை; பயந்துபோன மனிதர். சத்தம் கேட்டு வந்த வாட்டு டொக்டர்மேல்தான் கோபம். கணவருக்கு விளக்கம் சொல்லவேண்டியவர் என் பக்கம் திரும்பினார்.

"விடுங்கோ மிஸ். அவவுக்குக் காலை ஆட்டிவிட்டாப் போதும்."

"சளி அடியில தங்கிட்டுது டொக்டர். கேட்டுப் பாருங்கோ."

"அதை நாங்கள் பாப்பம்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது காலை ஆட்டிவிடவா? எந்த நோயாளியை எப்படிப் படுக்கவைப்பது, எந்தப் பக்கத்துச் சளியை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பரீட்சை எழுதித்தானே இந்த வேலைக்கு வந்தேன்? தலையணையை அக்காவிடமே விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கினேன்.

பின்னேரம் வாட்டிலிருந்து நேர்ஸ் கூப்பிட்டார். "அந்த அம்மா உங்களைத்தான் கேக்கிறா."

போனேன். அக்கா தலையணையை ஏற்கெனவே வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார்.

"எங்கட அவர் பஸ்சுக்குப் போயிட்டார். இருமினாப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசா இருந்தது மிஸ். திரும்பச் செய்வம்."

நேர்ஸ் தயங்கினார். "டொக்டர் வேண்டாமெண்டவர்..."

"அப்ப அவரே வந்து இந்த அக்காவிட்டச் சொல்லட்டும்" என்றேன்.

டொக்டர் வரவில்லை. அக்கா அழுது அழுது இருமினார். மஞ்சளாய்க் கெட்டிச்சளி வந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் செய்தோம். காய்ச்சல் ஏதுமில்லாமல் வீட்டுக்குப் போனார். போகும்போது கணவர் டொக்டருக்குக் கும்பிட்டு நன்றி சொன்னார். என்னிடம், "கோவிக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். டொக்டர் அதுகூடச் சொல்லவில்லை.

நேரே வாட்டுக்குப் பொறுப்பான பெரிய டொக்டரிடம் போனேன். காலையில் அவர்தான் மற்ற டொக்டர்களோடு கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார்.

"காலமை ரவுண்டில என்னையும் சேருங்கோ."

"பிசியோவைச் சேர்க்கிற வழக்கமில்லையே."

"வழக்கமில்லாதபடியாத்தான் கேக்க வந்தனான்."

"பாப்பம்" என்றார்.

இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. அதற்காக நான் காத்திருக்கவும் இல்லை. ரவுண்ட் தொடங்கும்போது நானும் போய் நிற்கிறேன். எனக்கு வழிவிட்டு ஒருவரும் விலகுவதில்லை. நான் கட்டிலைச் சுற்றிப்போய் நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொள்கிறேன்.