கொக்கிக்குத் திரும்பாத பில்லை

என் அண்ணன் ரால்ஃப் ஹெஸ்லப் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை இங்கிலாந்தின் டரம் மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. எங்கள் ஊர் கோல்ட்பெக்கில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய பிறகு, ஆண்களில் பாதிப் பேர் மதுக்கடையில் சீட்டாடினார்கள், மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி உயிரை வாங்கினார்கள். அண்ணனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, சீட்டும் வராது. அதனால் மியூசியம் ஆரம்பித்து என் உயிரை வாங்கினான்.

மியூசியம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். சுரங்கத்தின் பழைய விளக்கு அறைதான் அது. கண்ணாடிப் பெட்டிகளில் தலைக்கவசம், கரி வெட்டும் குந்தாலி, கரி வண்டி இழுத்த குட்டைக் குதிரைகளின் லாடம், தொழிற்சங்கக் கொடி. ஒரு மூலையில் என் டீ மேஜை. பின்கதவைத் திறந்தால் குன்றுக்குள் சரிந்து இறங்கும் சுரங்க வழி. அதில் கொஞ்ச தூரம்தான் எங்களுக்கு, அப்புறம் செங்கல் சுவர். சுவருக்குப் பின்னால் கடலுக்கடி வரைக்கும் இருட்டு கிடக்கிறது. அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுக்கமாட்டோம்.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பித்தளைப் பில்லை, அதில் ஓர் எண். உள்ளே இறங்குகிறவர் ஒரு பில்லையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், மேலே வந்ததும் தானே மாட்ட வேண்டும். கொக்கி காலி என்றால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கம் ஓடிய காலத்திலும் இதே வழக்கம்தான். ஒருவர் பில்லையை இன்னொருவர் மாட்டவே கூடாது. மாட்டினால் அவனைக் கீழேயே விட்டுக் கதவைச் சாத்தியது மாதிரி.

அண்ணனுக்கு இதில் இருந்த வெறிக்குக் காரணம் உண்டு. அவன் இளவட்டமாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் கிட் லம்லி என்பவனின் கொக்கி காலியாக இருந்தது. "குடிகாரப் பய, பில்லையோட மதுக்கடைக்குப் போயிருப்பான்" என்று மேஸ்திரி சிரித்துவிட்டுப் பூட்டச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை கிட்டைப் பாறைக்கு அடியில் கண்டெடுத்தது அண்ணன்தான். ராத்திரி வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறான், கரியில் நகத்தால் பிராண்டிய தடம் இருந்தது. அண்ணன் அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஆனால் மியூசியத்துக்கு வருகிற ஜனங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பளபளவென்று இருக்கிறதே என்று பில்லையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மாதம் ஒன்றாவது போகும். ஒவ்வொரு தடவையும் அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவான், மறுநாள் அந்த எண்ணுக்குப் புதுப் பில்லை செய்து மாட்டுவான். "பேயோட டீ குடிச்சுட்டு வந்தியா?" என்று கேட்பேன். "உன் டீயைக் குடிச்சா பேயும் செத்துப்போகும்" என்பான்.

இனி குழாய் விஷயம். சுவருக்குப் பின்னால் சேரும் கெட்ட காற்று வெளியேற, குன்றின் மேலே ஓர் இரும்புக் குழாய் நட்டிருந்தார்கள். மூச்சை அடைத்து ஆளைக் கொல்லும் அந்தக் காற்றை நாங்கள் ஸ்டைத் என்போம். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றழுத்தம் குறைந்து பாரமானியில் முள் இறங்கும் நாளில் அது பூமியிலிருந்து மேலே வரும், தாழ்ந்த இடத்தில் தேங்கும். இதைத் தெரியாத குழந்தை கோல்ட்பெக்கில் இல்லை. மேலே புது வீடு கட்டிக் குடிவந்தவர்கள், குழாய் காற்றில் ஊளையிடுகிறது, தூங்க முடியவில்லை என்று புகார் மேல் புகார் கொடுத்தார்கள். நிறுத்தாவிட்டால் மியூசியத்தையே மூடுவோம் என்று ஊராட்சியிலிருந்து மிரட்டல் வந்தது. அண்ணனே ஏணி போட்டு ஏறி, குழாய் வாயில் சாக்கைத் திணித்து மூடி அடித்தான்.

"ஏன்ணே, அது சும்மாவா நிக்குது?" என்றேன்.

"சுரங்கம் செத்து எத்தனை வருஷம் ஆச்சு எஸ்மி? செத்தவன் மூச்சு விடுவானா?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான் பாவி.

அந்த அக்டோபர் வியாழக்கிழமை காலையிலிருந்தே பாரமானி முள் இறங்கிக்கொண்டிருந்தது. வடகடலிலிருந்து புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அண்ணனின் நாய் பெஸ் தினமும் அவனோடு சுரங்க வழிக்குள் ஓடும். அன்றைக்குக் கதவு வரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. இழுத்தால் பல்லைக் காட்டியது. "வயசாயிடுச்சு கிழவிக்கு" என்றான் அண்ணன். மதியம் வந்த கணவன் மனைவி இருவரும் கொட்டாவி விட்டுக்கொண்டே மேலே வந்தார்கள், அந்த அம்மாவுக்குத் தலைவலி. நான் டீ கொடுத்து உட்கார வைத்தேன். வெளிச்சமில்லாத இடத்தில் நின்றால் சிலருக்கு அப்படித்தான் என்று அண்ணன் சமாதானம் சொன்னான். 

மூடும் நேரம். மழை கூரையில் அறைந்தது. ஏழாம் கொக்கி காலி.

"எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான்ணே, கடைசியா வந்த குடைக்காரனாத்தான் இருக்கும். பூட்டு, வீட்டுக்குப் போவோம்."

"அவன் மேல வந்ததை நீ பாத்தியா?"

"நான் கப்பு கழுவிட்டு இருந்தேன். அவன் குடை இங்கதான் கெடக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் முகம் மாறிவிட்டது. "குடை இங்க இருக்கு, மழை கொட்டுது, ஆளு எங்க?"

"குடையை மறக்காதவன் உலகத்துல உண்டா? அண்ணே, முள்ளைப் பாரு. தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடலாம், அவங்க வந்து பாக்கட்டும்."

"அவங்க வர்றதுக்குள்ள உள்ள ஒருத்தன் கிடந்தா?"

"உள்ள ஒருத்தனும் இல்ல! சொன்னா கேக்கிற ஜென்மமா நீ?"

"கிட் லம்லிக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றான், மெதுவாக.

 பழைய நாளில் கையில் தீபம் இருக்கும். கெட்ட காற்றுக்குள் போனால் சுடர் சுருங்கி அணையும், மனிதன் திரும்பிவிடுவான். மியூசியத்துக்குள் நெருப்பு கூடாது என்று காப்பீட்டுக்காரர்கள் தடுத்ததிலிருந்து அண்ணன் கையில் டார்ச்சுதான். கிளம்புமுன் பலகையிலிருந்து, சுரங்கத்தில் வேலை செய்த நாளிலிருந்து தன்னுடையதான எண்ணை எடுத்துக்கொண்டான், முந்நூற்றுப் பதினெட்டு. அந்த நேரத்திலும் அதை மறக்கவில்லை. பெஸ் எழுந்து அவன் கால்சட்டையைக் கவ்வியது. காலை உதறிவிட்டு இறங்கினான்.

"யாராவது இருக்கீங்களா?" என்று அவன் கூப்பிடுவது கேட்டது. இன்னும் ஒரு தடவை கேட்டது. அப்புறம் டார்ச் வெளிச்சம் தரையோடு விழுந்து, அசையாமல் நின்றது.

"அண்ணே! டேய் ரால்ஃப்!"

நான் இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே கால் துவண்டது, மூச்சு வாங்கியது, ஆனால் மார்புக்குள் எதுவும் போகவில்லை. பெஸ் மேலே நின்று பைத்தியம் பிடித்த மாதிரி குரைத்தது. அந்தக் குரைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தவழ்ந்து மேலே வந்தேன். தொலைபேசியில் என்ன உளறினேனோ, தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். முகமூடி போட்ட ஆட்கள் உள்ளே போகும்போதும் அந்தப் பாழாய்ப்போன டார்ச் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

அண்ணனைத் தூக்குப்படுக்கையில் வைத்து மேலே கொண்டுவந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குடைக்காரன். நனைந்த தலையோடு உள்ளே வந்து, ஆட்களைப் பார்த்துத் தயங்கினான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. குடையை விட்டுட்டுப் போயிட்டேன்... இதுவும் கைதவறி என் பையிலயே வந்துடுச்சு."

பில்லையை நீட்டினான். ஏழு.

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்தால் என்ன வரும்? அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே போயிருக்கலாம், ஆனால் நான் விடவில்லை.

"நீயே மாட்டு" என்றேன்.

"என்னங்க?"

"உன் பில்லையை நீதான் மாட்டணும். உன்னைத் தேடித்தான் அவர் இறங்கினாரு."

அவன் படுக்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொக்கிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழைத் தேடினான். மாட்டி முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது சுரங்க வழியை அடைத்துவிட்டார்கள். குழாயைத் திறந்தாயிற்று, காற்றடித்தால் ஊளையிடுகிறது, மேல்வீட்டுக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. நான் இன்னும் டீ போடுகிறேன். அண்ணன் கை மூடியிருந்த பில்லையை என்னிடம் கொடுத்தார்கள். அது என் ஏப்ரன் பையில்தான் கிடக்கிறது.

வருகிறவர்கள் பலகையைப் பார்த்துக் கேட்பார்கள். "ஒண்ணு மட்டும் காணோமே, யாராவது திருடிட்டாங்களா?"

"இல்லைங்க. ஆளு இன்னும் மேல வரல" என்பேன்.