போனாவின் உரலுக்கு வந்த காட்டுக்கிழங்கு

பியோ அதிகம் பேசமாட்டான். நடக்கும்போது பாதையைப் பார்க்கமாட்டான், புதரைப் பார்ப்பான். மேற்கு ஆப்பிரிக்காவில், வடக்கு பெனினின் நிக்கி ஊருக்கு அந்தப் பக்கம், தரிசில் கூரைப்புல் அறுக்கப் போன இடத்தில் அந்தக் கொடி அவன் கண்ணில் பட்டது. இலை வயல் வள்ளிக்கிழங்கின் இலை. தண்டு மட்டும் காட்டுக்கொடி மாதிரி முள்ளாக இருந்தது. மண்ணைக் கிளறினான். கை அக்குள்வரை உள்ளே போனபிறகுதான் கிழங்கின் நுனி தட்டுப்பட்டது.

பக்கத்து வயல்காரன் சபி விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், இது கிழங்கா, கழுத வாலா? காட்டுப்பன்னிகூட மோந்துட்டுப் போயிரும்டா."

"வயலுக்கு வந்தா பழகிக்கும்."

"நீ போனாகிட்ட பழகின மாதிரியா?"

வீட்டில் பியோவின் மனைவி போனா அதைவிடக் காரமாகச் சொன்னாள்: "அந்தக் கசப்ப என் உரல்ல போட்ட, உன்னையும் சேத்து இடிச்சுருவேன்!"

பியோ வயலோரத்தில் ஒரு மண்மேடு கூட்டினான். அடியில் உடைந்த பானை ஓடு ஒன்றை வைத்து, அதன்மேல் கிழங்கின் தலைத்துண்டை நட்டான். கீழே இறங்க வழியில்லாவிட்டால் கிழங்கு பக்கவாட்டில் பருத்தாக வேண்டும். மழைக்காலத்தின் நடுவில், வேர் அசையாமல் கிழங்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மண்ணை மூடுவான். கொடி மறுபடி சின்னக் கிழங்குகளாக வைக்கும். அவைதான் அடுத்த நடவுக்கு விதை. நீளமாக ஓடியவை ஆட்டுக்குப் போயின. குட்டையாகப் பருத்தவை மண்ணுக்குத் திரும்பின. இப்படியே பல வருஷம்.

ஒரு வருஷம் நடுவில் மழை நின்றுபோனது. எல்லார் வயலிலும் கொடிகள் மஞ்சளித்தன. பியோவின் வயலோரக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. போனா ஒரு கிழங்கை வேகவைத்து, துண்டு ஒன்றை வாயில் போட்டாள். கசப்பே இல்லை. உரலை முற்றத்துக்கு உருட்டி வந்து பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டாள். உலக்கைகள் மாறிமாறி விழுந்தன. களி இழுத்த இழுப்புக்கு நீண்டது. எள்ளுக் குழம்பும் பாலாடைக்கட்டியும் சேர்த்து சபி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"பேர் என்னடா இதுக்கு?"

பியோ யோசிப்பதற்குள் போனா முந்திக்கொண்டாள். "பியோன்னே வெச்சிருங்க. வேக நேரமாகும், வெந்தா நல்லாருக்கும்."

முற்றமே சிரித்தது. பியோவுக்குக் காதுவரை சூடேறியது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த நடவுக்கு ஊரில் பாதிப்பேர் விதைக்கிழங்கு கேட்டு வந்தார்கள். மகள் பாக்கே ஒரு கூடையைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போனாள். அங்கே அதற்கு 'மருமகள் கிழங்கு' என்று பேர் வந்தது. திருவிழாவுக்குப் போன பியோ அங்கே அதைச் சாப்பிட்டுப் பார்த்தான். அந்த ஊர்ச் செம்மண்ணில் தோல் கறுத்து, ருசி கொஞ்சம் மாறியிருந்தது.

"ரெண்டு விதைக்கிழங்கு குடு, தாயி."

"உங்க கிழங்குதானப்பா அது!"

"நம்ம ஊர்ல இருக்கறது என்னுது. இது உன்னுது."

இரண்டையும் துணியில் முடிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.