டிஸ்க்கைத் துப்பிய கன்சோல்

1. காலை ஃபோன்

"அக்கா, டிஸ்க்க உள்ள தள்ளுனா கர்ரு கர்ருன்னு கத்திட்டு வெளிய துப்புது. முந்தாநேத்துதான வாங்கிக்கினு வந்தேன்?"

ஆயுத பூஜைக்கு மறுநாள். கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பேசியது காமாட்சி, பட்டுத்தறி நெய்கிறவள். டிவியில் மாட்டிக் கேம் ஆடும் கன்சோல் ஒன்றை என்னிடம் வாங்கிப் போயிருந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினெட்டு வருடமாகக் கேம் கவுண்டரைப் பார்ப்பவள் நான். சிடி, டிவிடி, புளூ-ரே எல்லாம் என் கை வழியாகத்தான் இந்த ஊருக்குள் போயிருக்கின்றன. ஆனாலும் இதைக் கேட்டதும் ஃபோன் ஸ்பீக்கரை அவசரமாக அணைத்தேன். காரணம், பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி.

"நான் அப்பவே சொன்னனா இல்லியா? டிஸ்க்கு காலம் முடிஞ்சி போச்சும்மா. இது மட்டும் ரிப்பேர்னு திரும்பி வரட்டும், உன் டிஸ்க் அலமாரிய காலி பண்ணிட்டு இயர்போன் மாட்டிடறேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். அலமாரி போனால் என் கவுண்டரும் போனமாதிரிதான்.

2. எந்தப் பெட்டி?

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பழைய டிவிடியில் ஐந்து ஜிபிக்குள் ஒரு கேமை அடக்கினார்கள். இப்போதைய டிஸ்க் நூறு ஜிபி வரை தாங்கும். அப்படியும் கன்சோல் கேமை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்ற நினைவகத்தில் ஏற்றித்தான் ஓட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், சாவி மாதிரி. புதுத் தலைமுறை கன்சோல் இரண்டு வகையாக வந்தது. ஒன்றில் டிஸ்க் டிரைவ் உண்டு. இன்னொன்றில் கிடையாது, விலையும் குறைவு. கேமை நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். கடையில் டிரைவ் இல்லாதது நிறைய தேங்கியிருந்தது. அதையே தள்ளிவிடச் சொல்லி முதலாளி என் காதைக் கடித்திருந்தார்.

வாங்க வந்த அன்று அதைக் காட்டியதும் காமாட்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இதுல வாங்குற கேம தென்னேரியில எந்தம்பி வீட்டுக்குக் குடுத்தனுப்பலாமா? அவங்கிட்டயும் இதே பொட்டிதான் இருக்குது."

"முடியாதும்மா. அது உன் அக்கவுண்டோட ஒட்டிக்கினு இருக்கும்."

"எங்க டிசைன் அட்டையே ரெண்டு வீட்டுத் தறியில ஏறி எறங்குது. ஒரு கேம் ஐயாயிரம்ன்ற. அத்தன பணத்தக் குடுத்துட்டு அத்த பொட்டிக்குள்ள பூட்டி வெச்சிக்க சொல்றியாக்கா?"

தறிமேல் இருக்கும் பெட்டியில் மாட்டுகிற சேலை டிசைனைச் சொல்லும் துளை போட்ட அட்டையைச் சொன்னாள். டிரைவ் உள்ளதை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

3. அரக்கன் நெற்றி

ஃபோனை வைத்ததும் கருவிப் பையோடு காமாட்சி வீட்டுக்குக் கிளம்பினேன். "இத்த நானே பாக்கணும்" என்று முதலாளியும் ஸ்கூட்டரை எடுத்தார். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

காமாட்சி வீட்டில் அவள் கணவர் ஏகாம்பரம் தறியில் இருந்தார். கன்சோல் ஒரு ஸ்டூல்மேல் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கை வாங்கித் திருப்பினேன். கேம் பதிவாகியிருக்கும் பளபளப்பான பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம், நன்றாகக் காய்ந்து போயிருந்தது.

"யாரும்மா இந்தப் பக்கம் பொட்டு வெச்சது?"

"நாந்தான். பொட்டி, ரிமோட்டு எல்லாத்துக்கும் வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம வுட முடியுமா?"

"மேல்பக்கம் வெச்சிருக்கலாமேம்மா."

"அந்தப் பக்கம் கோரப்பல்லு அரக்கன் படம்க்கா. அவன் நெத்தியில போயி யாராவது பொட்டு வெப்பாங்களா? இந்தப் பக்கம் கண்ணாடியாட்டம் சுத்தமா இருந்துச்சு."

தறி நின்றது. ஏகாம்பரம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். முதலாளி அடக்கவே இல்லை.

வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டேன். "பட்டுத் துணி தரட்டாக்கா?" என்றாள். "வேணாம்மா, சரிகை கீறிடும்" என்று என் மூக்குக்கண்ணாடித் துணியை நனைத்தேன். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில்தான் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது. அதன் போக்கிலேயே கீறல் விழுந்தால் பிழைக்காது. டிரைவ் வாயில் இருந்த குங்குமத் தூளை ரப்பர் ஊதுபந்தை அமுக்கி ஊதி எடுத்தேன்.

உள்ளே தள்ளினேன். கர்ரு கர்ரு. துப்பியது.

"பாத்தியா?" என்றார் முதலாளி.

மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுத்துளை ஓரத்தில் கடுகளவு சந்தனம் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்துவிட்டுத் தள்ளினேன். இந்த முறை சத்தமே இல்லை. திரையில் அரக்கன் வந்து பல்லைக் காட்டினான். அவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கேம் ஏறி முடிவதற்குள் காமாட்சி காபியும் சுண்டலும் கொடுத்தாள். பிறகு முதலாளி "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கினார். முதலில் வரும் பாலத்திலேயே ஏழு தடவை விழுந்து செத்தார். எட்டாவது தடவைக்கு ஏகாம்பரம் தறியைவிட்டு இறங்கி வந்து, "அய்யா, நீங்க நவுருங்க, கைய வேகமா ஓட்டணும்" என்று வாங்கி, ஒரே மூச்சில் பாலத்தைத் தாண்டினார்.

முதலாளியும் நானும் கடைக்குத் திரும்பினோம். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்தப் பாலத்த எப்படிம்மா தாண்டுனாரு? டிஸ்க்கு ஸ்டாக்குல இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்த ஒன்றையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

கீறல், வெயில், தூசி என்று பத்து எச்சரிக்கை சொல்லித்தான் நான் விற்பேன். புதுப் பொருள் எதுவும் பொட்டில்லாமல் வேலையைத் தொடங்காத ஊரில் பிறந்து வளர்ந்த நான், பளபளப்பான பக்கத்தில் பொட்டு வைக்கக் கூடாது என்ற பதினொன்றாவதை மட்டும் சொல்லவில்லை. தப்பு காமாட்சியுடையதல்ல. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் வீட்டில் அதற்கு என்னென்ன மரியாதை நடக்கும் என்பதும் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது டிஸ்க் வாங்குகிறவர்களிடம் முதலில் கேட்பதே, "பூஜை உண்டா?" என்பதுதான். உண்டு என்றால் கல்லாப்பக்கத்துச் சந்தனத்தைத் தொட்டு, டிஸ்க் வரும் பெட்டியின் மேலட்டையில் நானே பொட்டு வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.